பற்ற வைக்காத சிகரெட்

மார்ச் 4
பதினொரு மணிக்கு வேலை மேசையிலிருந்து எழுந்தேன். கல்லாவில் இருக்கும் அண்ணன் வழக்கம்போல, "கிளம்பிட்டாருய்யா புகைவண்டி!" என்றார். மூக்குக் கண்ணாடிக் கடையே சிரித்தது. சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு, புகைக்கப் போகிறவன்போலப் பின்பக்கக் கழிவறைக்குப் போனேன். மூன்று வருடமாக அதே பெட்டிதான். ஒன்றைக்கூடப் பற்ற வைத்ததில்லை.

மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே இருக்கப் பிறந்தவன் நான். எட்டு அறுவை சிகிச்சை. இப்போது தொப்புளில் ஒரு சின்னத் துளை, நாலு மணி நேரத்துக்கொருமுறை அதில் குழாய் விட்டு மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். இதைச் சொல்வதைவிடப் புகைக்காரன் என்ற பேர் எவ்வளவோ மேல்.

மார்ச் 9
எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிறவள், நான் லென்ஸ் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கைக்கு எட்டும் தூரம்தான். முப்பத்து நாலு வயது, இன்னும் ஒரு பெண்ணின் கையைத் தொட்டதில்லை. ஏங்குகிறேன். வேறென்ன எழுத?

மார்ச் 10
லென்ஸை அளவு தப்பி வெட்டிவிட்டேன். இரண்டு தடவை.

மார்ச் 18
அவளே கேட்டுவிட்டாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எங்கப்பா சிகரெட்டாலயே போனவர். அதை விட்டுட்டு வாங்க, வீட்ல பேசறேன்."

அட கடவுளே! விட்டுவிட்டேன் என்றால், அப்புறம் தினமும் எங்கே எழுந்து போகிறேன் என்பாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தானே.

மார்ச் 19
அக்காவிடம் போனில் சொன்னேன். "சொல்லிடுடா. கட்டின பிறகு தெரிஞ்சா அது பாவம்." அவள் போய்விடுவாளே என்றேன். "போனா போகட்டும்."

போனா போகட்டுமாம்! இவளுக்கென்ன, ரெண்டு பிள்ளை. எனக்குப் பிறக்குமான்னு டாக்டர்கிட்ட கேக்கக்கூட இன்னும் தைரியம் வரல. அவ போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?

மார்ச் 23
சொல்லிவிட்டேன். பரிசோதனை அறையில், எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே எல்லாம் சொன்னேன். குழந்தை விஷயத்தையும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ இத்தனை நாளும் எங்கிட்ட பொய்யா சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 30
பேசவில்லை.

ஏப்ரல் 6
மேசையருகே வந்தாள். "வலிக்குமா?"
"இல்ல."
"இதுவும் பொய்யா?"
"சத்தியமா வலிக்காது."
போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம்? யாரைக் கேட்பேன்?

ஏப்ரல் 20
முதலாளி மகளின் கல்யாணத்துக்குக் கடை மொத்தமும் வேனில். சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பட்டது, பத்தாகியும் எங்கும் நிற்கவில்லை. குழாய் விடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் மறுபடி சிகரெட் பொய்யைச் சொல்லவும், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

முன் சீட்டிலிருந்து அவள் குரல். "டிரைவர், அந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"இன்னும் ஒரு மணி நேரம்தானேம்மா, அடக்க முடியாதா?" என்றார் கல்லா அண்ணன்.

"முடியாது. திரும்பி வரும்போதும் நிறுத்தணும்."

வேன் முழுக்க முணுமுணுத்தது. அவள் யாரையும் பார்க்காமல் இறங்கினாள்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். "தம்பி, பொம்பளப் புள்ள தனியாப் போகுது. கொஞ்சம் துணைக்குப் போயிட்டு வா."

போனேன்.