மாட்டை அவிழ்த்த கை

மார்ச் 12, புதன்

இன்று கம்பெனியில் மல்லிகை ஊதுபத்தி பேக்கிங். வீட்டுக்கு வந்தால் தலைமுடியிலும் மல்லிகை, சாம்பாரிலும் மல்லிகை.

தீப்பிடித்த நாளிலிருந்து இதில் ஒரு வரி எழுதவில்லை. என்ன எழுதுவது? பக்கத்து வீட்டுச் சென்னப்பண்ணனின் மாட்டுக் கொட்டகைக்கு என் தம்பி சித்தையன் தீ வைத்தான். அண்ணன் உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். ஒரு கால் முழங்கால் வரை வெந்துவிட்டது. தம்பி இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

வைக்கோலுக்குள் மெஷின் வைத்துத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாதேஸ்வரன் மலைக்கும் கூட்டிப்போனேன், டாக்டரிடமும் கூட்டிப்போனேன். மொட்டை போட்டுக்கொண்டான். மாத்திரையைத்தான் துப்பிவிட்டான்.

மார்ச் 18

வக்கீல் ஹேமந்த் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். வியாதி இருப்பது வேறாம். தான் செய்வது என்ன, அது தப்பா என்று அந்த நேரத்தில் தெரியாமல் இருப்பது வேறாம். கோர்ட்டுக்கு இரண்டாவதைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஜெயில் கிடையாது, மனநல ஆஸ்பத்திரி. காட்ட முடியாவிட்டால் பல வருடம் உள்ளே.

அப்படியென்றால் என் தம்பிக்கு நன்றாகப் புத்தி கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டுமா? இதை எந்தச் சாமியிடம் கேட்பது?

ஏப்ரல் 3

மனநல டாக்டர் அஷ்வினி என்னிடம் பேசினார். கோர்ட் சொல்லித்தான் தம்பியைச் சோதிக்கிறார். நான் சொல்வதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவன் நல்லவனா என்று அவர் கேட்கவே இல்லை. பேனாவோடு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? நம் பையன் நல்ல பையன் என்று ஆரம்பித்துவிடுவோம். நானும் ஆரம்பித்தேன்.

“தீ வைக்கறதுக்கு முந்தி மாட்ட அவுத்து உட்டுட்டானுங்க மேடம். வாயில்லாத சீவன கொல்ற மனசு அவனுக்கு இல்லீங்க. நான் கண்ணால பாத்தேன்.”

“முந்தியா, அப்புறமா?” என்றார்.

“முந்திதானுங்க.”

எழுதிக்கொண்டார். தம்பிக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வெளியே வந்து காபி குடித்தேன்.

ஜூன் 9

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹேமந்த் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாடு வெந்துபோகும் என்று தெரிந்தவனுக்கு மனிதன் வேவான் என்று தெரியாதா, அவன் தெரிந்தேதான் செய்தான் என்று அரசு வக்கீல் கேட்பாராம். மாட்டை அவிழ்த்ததைச் சொன்னது யார்? நான்தான். பெருமையாகச் சொன்னேன்.

மாட்டையும் சேர்த்து எரித்திருந்தால் ஆஸ்பத்திரி. மாட்டுக்கு இரக்கப்பட்டதால் ஜெயில். இது என்ன நியாயம்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நேரே டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை.

“வியாதி மனசை மொத்தமா எடுத்துக்காதும்மா. ஒரு மூலையில அவர் அவராவே இருந்திருக்கலாம். உள்ள ஆள் இருக்குன்னு தெரியுமா, பண்றது தப்புன்னு தெரியுமா, அது எனக்கு உறுதியா தெரியல. அதையும் எழுதியிருக்கேன்.”

படித்தவரே தெரியாது என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜூலை 14

குழாயடியில் சென்னப்பண்ணன். கட்டு பிரித்துவிட்டார்கள், இன்னும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். “உந்தம்பி மேல எனக்குக் கோவமில்ல புள்ள. ஆனா வெந்தது எங்காலு” என்றார். தண்ணீர் பிடிக்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 20

சாட்சிக் கூண்டில் என்னை ஏற்றப்போகிறார்கள். தம்பியின் வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டைப் பற்றியும் கேட்பார்கள்.

ஹேமந்த் கேட்டார்: “அவிழ்க்கறதைப் பார்த்தீங்களா? அவிழ்ந்து நின்னதைப் பார்த்தீங்களா? பொய் சொல்லச் சொல்லல. யோசனை மாடி, நல்லா யோசிச்சுப் பாருங்க.”

கண்ணை மூடி யோசித்தேன். அன்று சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தெருவில் மாடு. தரையில் கயிறு. முளைக்குச்சியில் தம்பியின் கை. அப்படியே சொன்னேன். “நிஜமாவா?” என்றார். மறுபடி யோசித்தேன். கை மங்கலாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டார். மாடு இருந்தது, கயிறு இருந்தது, கை இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை இப்போது ஏன் போகிறது? எங்களுக்குத் தேவைப்படும்போது?

நவம்பர் 23

பல் தேய்க்கும்போது கை இருந்தது. பஸ் ஏறும்போது இல்லை.

ஜனவரி 8, வியாழன்

கோர்ட். தம்பி ஓரத்தில் நின்றிருந்தான். ஜெயிலில் மாத்திரை கொடுக்கிறார்கள், முகம் தெளிந்திருக்கிறது.

“கண்ணால் பார்த்ததாக டாக்டரிடம் சொன்னீர்களே?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“சொன்னேனுங்க. மாடு தெருவுல நின்னதத்தான் பாத்தேன். அவன்தான் அவுத்திருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டேன்.”

சொல்லும்போது அதுதான் உண்மை என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. அந்த மாடு சில சமயம் தானாகவே கயிற்றை உருவிக்கொள்ளும் என்று சென்னப்பண்ணனும் சொன்னார். எனக்காகச் சொன்னாரா? கேட்கத் தைரியமில்லை. டாக்டரிடம் ஞாபகத்தைப் பற்றிக் கேட்டார்கள். நம்பிச் சொல்கிறவர்களுக்கும் அது மாறலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாறலாம் என்றார். அப்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20

தீர்ப்பு. தீ வைத்தது அவன்தான், ஆனால் தப்பு என்று அறியாத நிலையில் வைத்தான். ஜெயில் இல்லை. ஆஸ்பத்திரிக் காவல். சொந்த ஊர் கோபிநத்தத்துக்குப் போன் செய்தேன், அம்மா விசும்பி விசும்பி அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்தேன். சதை போட்டிருக்கிறான். மெஷின் பேச்சே இல்லை. கொண்டுபோன புளிச்சோற்றை ரசித்துச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான்.

“கோர்ட்டுல ஏங்க்கா அப்படிச் சொன்ன?”

“எப்படிடா?”

“மாட்ட நான் அவுத்தத பாக்கலேன்னு. வாசல்லதான நின்ன. கவுத்த உங்கையிலதான் குடுத்தேன். புடிச்சுக்கக்கான்னேன். தண்ணி காட்டவாடான்னு கேட்டுப்போட்டு நீயும் புடிச்ச.”

“எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்லடா,” என்றேன். நிஜமாகவே இல்லை. அவனுக்குத்தான் குழம்புகிறதா? எனக்கா?

“அன்னிக்கு நடந்ததுல மத்ததெல்லாம் யாரு பண்ணுனாங்கன்னே எனக்குத் தெரியலக்கா. அது ஒண்ணுதான் நான் பண்ணுனது. அதையும் இல்லேன்னுட்ட.”

நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஹேமந்தின் நம்பரை எடுத்தேன். என்னவென்று சொல்வது? தம்பி சொல்வது நிஜமென்றால் அவன் ஜெயிலுக்குப் போக வேண்டியவன். நிஜமில்லை என்றால் அவனுக்கு இன்னும் குணமாகவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.