பைடோவா வரிசையில் மூன்றாவது ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு, நம்போசோ எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எம்பாலேயில் மழை பிடித்துவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தக் கடிதம் வருமுன்பே வானொலி பைடோவா என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. சோமாலியர்கள் தங்கள் மாநில அவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் இன்று. பெண்கள் வரிசைக்கு, ஆப்பிரிக்க ஒன்றியப் படையோடு வந்த எங்கள் உகாண்டா போலீஸ் காவல். காலை ஒன்பது மணிக்கு வாக்குச்சாவடி மதிலுக்கு வெளியே ஒரு குண்டு விழுந்தது. எல்லோரும் தரையில் படுத்தோம். இனி யாரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதலில் எழுந்தவள் தேநீர் விற்கும் ஷம்ஸோ. ஓட்டுப் போட்டால் கை இருக்காது என்று போன வாரம்தான் தேர்தலை எதிர்க்கும் தீவிரவாதிகள் அவளை மிரட்டியிருந்தார்கள். முக்காட்டை உதறிக்கொண்டு கத்தினாள்: "நான் மூணாவது ஆளு. இதான் சாக்குன்னு எவளாவது முன்னாடி நுழைஞ்சீங்க, அப்புறம் தெரியும்!" என்னைப் பார்த்து, "எந்திரிம்மா போலீஸ்காரி, படுத்துக்கிட்டு என்ன காவல்?" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். வரிசையில் ஒருத்திகூடக் குறையவில்லை.

"அடுத்தவங்க நாட்டுக்கு நீ ஏம்மா சாகணும்? வந்துடு" என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா, இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்களே நிற்கும்போது நான் கிளம்பமாட்டேன்.

இதைக் கொண்டுவரும் வெரோனிக்கா விடுப்பு முடிந்து திரும்பும்போது நிலக்கடலை விழுது கொடுத்தனுப்புங்கள். தங்கையைக் கைபேசியில் பேசிப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். எதைப் பற்றியானாலும் சரி, நம் மொழியாக இருந்தால் போதும்.

வண்டி கூப்பிடுகிறது. ஓட்டுப்பெட்டியோடு போக ஆள் கேட்டார்கள். முதலில் கை தூக்கியது நான்தான்.

உங்கள் மகள்,
நம்போசோ