கொக்காகிப் போன லூன்

ஜூன் 3

கவுண்டி கண்காட்சிப் போட்டிக்குக் குரோஷே பின்னலில் ஜன்னல் திரை. முறையாக எழுதிவைக்கிறேன்:

1. நூல்: வெள்ளைப் பருத்தி, முப்பதாம் எண். முறுக்கு பிரியக்கூடாது.
2. ஊசி: எஃகு. இருப்பதிலேயே மெல்லியது. அதில்தான் வேலை சுத்தமாக வரும்.
3. படம்: ஏரியில் மிதக்கும் லூன் பறவை. கட்டத்தாளில் வரைந்தாயிற்று. நிரப்பிய கட்டம் பறவை, வெற்றுக் கட்டம் தண்ணீர்.

போன வருடம் நடுவர் என் வேலையை ஒதுக்கிவிட்டார். இந்த வயதில் இன்னொரு அவமானம் தேவையா?

ஜூன் 19

பறவையின் உடல் முடிந்தது. விரல் வலி.

ஜூலை 2

மனைவி தோராவின் தங்கை கெர்டா வந்தாள். வருடா வருடம் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான். திரையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தான், லூன்னு சொன்னீங்க. கொக்கு மாதிரி நிக்குதே! பாவம், பட்டினி போட்டீங்களா?"

தோராவும் சிரித்தாள். கெர்டா போனதும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடச் சதுரமில்லை. எல்லாம் ஒடுங்கி, நெட்டையாக. காலமெல்லாம் வடிவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு சதுரம் வரலையே!

ஜூலை 3

தோரா பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். "ஏங்க, நூலை ஏன் இப்படி இறுக்குறீங்க? யாரு புடுங்கிட்டுப் போறா? சங்கிலிப் பின்னல் இறுகினா கட்டம் எப்படி அகலமாகும்?"

தளர்த்திப் பார்த்தேன். பயந்த கை, சொன்னபடி கேட்கவில்லை.

ஜூலை 5

இருக்கிற எல்லா ஊசியிலும் சின்னச் சின்னத் துண்டு பின்னினேன். நனைத்து, குண்டூசி குத்தி, விரித்துக் காயவைத்து அளந்தேன். தடித்த ஊசியில் — சதுரம்! நான் எவ்வளவு இறுக்கினாலும் அதன் தண்டு சங்கிலியைச் சுருங்க விடவில்லை.

பழைய திரையை முழுக்கப் பிரித்துவிட்டேன். பைத்தியமா எனக்கு?

ஜூலை 30

நாளுக்குள் முடியாது. ஆனாலும் பின்னுகிறேன்.

ஆகஸ்ட் 11

திரையை முடித்துக் கொடுத்துவிட்டேன். பதிவு செய்யும் பெண், "பின்னினவங்க பேரு சொல்லுங்க, வீட்டம்மாவா?" என்றாள்.

"நான்தான்." சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 13

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய கைவேலைக் கூடம். என் லூன் மேல் நீல ரிப்பன்! நடுவரின் அட்டையில்: "கட்டங்கள் சீர். பறவை மிதக்கிறது."

கெர்டா பொரித்த பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே வந்தாள். "அத்தான், எந்த ஊசியில பின்னினீங்க? கொஞ்சம் காட்டுங்க." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ தடியா? இதுல மீன் பிடிக்கலாமே!"

"பிடிச்சாச்சே," என்றேன், ரிப்பனைக் காட்டி. நானா பேசினேன்! தோரா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 3 பட்டியலில் இரண்டாவதாக எழுதியது தவறு. அவரவர் கைக்குத் தகுந்த ஊசி என்று எழுதியிருக்க வேண்டும்.