ஈரக் கோனின் எடை

மழை விட்டபின் குடோனைத் திறந்தால் ஈர நூலின் வாடை முகத்தில் அடிக்கும். இன்று காலை அடித்தது. உடனே உன் நினைவு. இயற்பியல் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடக் கௌரவமான நினைவுச்சின்னம் கிடைத்திருக்கலாம். பனியன் துணி நெய்பவனின் நண்பனாக இருந்ததன் பலன் இது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் நீ விடுமுறைக்கு வந்தாய். அதற்கு முந்தைய நாள்தான் நிட்டிங் மெஷின் ஓட்டிய இசக்கியை, நூல் திருடினாரென்று வேலையைவிட்டு நிறுத்தியிருந்தேன். கொடுத்த நூலைவிட, வந்த துணி எடை குறைந்தது. "நூலை நான் திங்கவா செய்தேன், மொதலாளி?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும், நீ உன் வேலையைச் சொன்னாய். அணு உலைக்குப் பக்கத்தில், அதிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை எண்ணினால், வர வேண்டியதைவிடக் குறைகிறதாம். தெரிந்த மூன்று வகைகளும் வழியில் ஒன்று மற்றொன்றாக மாறும். ஆனால் அவ்வளவு பக்கத்தில் அதற்கு நேரமில்லை. எனவே, எந்தக் கருவிக்கும் அகப்படாத நான்காவது வகை ஒன்று இருக்குமோ என்று தேடினாயாம்.

"அப்ப உனக்கும் ஒரு திருடன் இருக்கான்."

"இருந்தான் மாப்ள. பத்து வருசமாத் தேடுனேன். இப்ப, எவ்வளவு வரோணும்னு போட்ட கணக்கே தப்புங்கறாங்க. திருத்துனா உலைக் குறை பெரும்பாலும் கரைஞ்சுபோகுது. வேறொரு சோதனைல மட்டும் இன்னும் குறையுது. ஏன்னு தெரியல."

பஸ்ஸைத் தவறவிட்டவன் போலச் சொன்னாய். பிறகு, "உன்ற நூலை எங்க எடை போட்டே?" என்றாய்.

ஒழுகும் குடோனில். துணியை எடை போட்டது அனலடிக்கும் ஷெட்டில். பருத்தி ஈரம் குடிக்கும் என்பதை, பருத்தியில் சோறு தின்பவனுக்கு நீ சொல்ல வேண்டியிருந்தது. நூல் சுற்றிய கோன் ஒன்றை வெயிலில் காயவைத்து எடை போட்டோம். திருடன் ஆவியாகிப் போனான்.

அவிநாசியில் இசக்கி வீட்டு வாசலில், "எடையில சின்னக் கோளாறுங்க" என்று இழுத்தேன். கூட வந்த நீ முதுகில் இடித்தாய். "தப்பு என்னுதுங்க" என்றேன்.

நீ இறந்துபோய் இரண்டு வருடம். இசக்கி இப்போது என் சூப்பர்வைசர். இன்று காலை அவரே வந்தார். "எடை கொறையுது மொதலாளி. புதுசா வந்த இந்திக்காரன் மேலதான் சந்தேகம்."

நான் ஈரக் கோனை அவர் கையில் வைத்தேன். முகர்ந்தார். வெயிலுக்குக் கொண்டுபோனார்.

மதியம் நிறுத்துப் பார்த்தோம். முக்கால்வாசிக் குறை ஈரம்தான். மிச்சம் கொஞ்சம் நின்றது.

"இதுக்கு என்ன எழுத?"

உன் சொல்லைத்தான் கொடுத்தேன். பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் இசக்கி மெதுவாக எழுதினார்: தெரியவில்லை.

அந்தப் புது ஆள் நாளையும் வேலைக்கு வருவார்.