அடி எண்ணுகிறவன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதே இல்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? ராணுவத்தில் ஒன்பது பேருக்குத் தலைவியான பிறகும் பாப்பா என்கிறேனே என்று கோபிக்காதே, கடிதத்தை உன் ஆட்கள் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். பாலம் கட்டும் தேர்வு வருகிறது, குழுவில் ஒருவன் மட்டும் எல்லாவற்றிலும் பின்தங்குகிறான், மாதக் கடைசியில் அவனை மாற்றச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு நான் ராணுவத்தில் பாலம் கட்டிய அந்தப் பழைய ஆற்றங்கரை ஞாபகம் வந்துவிட்டது. பாலத்துக்கு ஆறு பேர் சேர்ந்து தூக்கும் இரும்புச் சட்டம், ஆறு பேரில் குட்டையானவன், நடையில் ஆமை, உன் அப்பா. ஒரே வாரத்தில் மூன்று தடவை சட்டம் விழுந்தது, மூன்றும் என் மூலையில்தான். கூடத் தூக்கிய டிரைவர், "இவனச் சமையல்கட்டுக்கு அனுப்புங்க சார், அங்க கரண்டிதான் விழும்" என்றான். எங்கள் மீசைக்காரத் தலைவர் என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளையிலேருந்து அடி எண்ணுறது இவன்தான், இவன் வாயத் தொறக்காம ஒருத்தன் காலும் நகரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். என் கணீர்க் குரலுக்குக் கிடைத்த பதவி என்று நினைத்து உன் அம்மாவுக்கு நாலு பக்கம் பெருமையடித்து எழுதினேன். ஒன்று, இரண்டு என்று நான் கத்த, எல்லோரும் என் நடைக்கே நடந்தார்கள், டிரைவர் பல்லைக் கடித்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு சட்டமும் விழவில்லை. தேர்வில் வேகமாக ஓடின குழுக்கள் விழுந்ததைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் அக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு டம்ளரை நீட்டியவன் அந்த டிரைவர்தான்.

முப்பது வருஷமாக அது என் குரலுக்கு வந்த மரியாதை என்றே நம்பியிருந்தேன். உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான், அது குரலுக்கு இல்லை, இந்த ஆமைக் காலுக்கு வந்தது என்று மண்டையில் உறைத்தது. அம்மாவிடம் சொன்னால், "எனக்கு அப்பவே தெரியும், உங்க பாட்டக் கேட்டவளாச்சே" என்கிறாள்.

அந்தக் காகிதத்தை எழுதுமுன் ஒரு வாரம் அவனை அடி எண்ண விட்டுப் பார். அப்புறமும் சரிவரவில்லை என்றால் உன் இஷ்டம், உன் ஆட்களை நான் கண்டேனா. நேற்று கடைத்தெருவுக்குப் போகும்போது அம்மா வழக்கம்போல முன்னால் ஓடாமல் என் பக்கத்திலேயே நின்றாள். என்ன விஷயம் என்றேன். "ம், எண்ணுங்க" என்றாள்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறோம், மறக்காமல் போட்டுக்கொள். உனக்கும் ஒன்பது பேருக்கும் எங்கள் ஆசி, கடைசியில் வருகிறவனுக்கு மட்டும் என் பங்காக ஒன்று கூட.

இப்படிக்கு,
உன் ஆமை அப்பா