தாத்தா தனிக்குடித்தனம் போகிறார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டி, சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் ஒரு விஷயம் முடிவாகட்டும் என்றிருந்தேன், முடிவாகிவிட்டது. தாத்தா தனிக்குடித்தனம் போகிறார். உன் அப்பாவைப் பெற்ற அதே தாத்தாதான்.

நீ வேலைக்குப் போனதும் உன் அறையை அவருக்குக் கொடுத்தோம் அல்லவா, பிறகு உன் மாமா வீட்டுக்காரியோடு ஒத்துவராமல் ஒரு சூட்கேஸும் இஸ்திரிப் பெட்டியுமாக வந்து நின்றான், கூடப்பிறந்தவனை எங்கே போகச் சொல்வது, அவனுக்கும் அங்கேயே ஒரு கட்டிலைப் போட்டோம். அவனுக்கு ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை. காலையில் வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தானானால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான், தாத்தா தன் மூக்குக்கண்ணாடியை எடுக்கக்கூடத் திருடன் மாதிரி இருட்டில் தடவிக்கொண்டு போக வேண்டும். பகலில் ஹாலில் உட்காரலாம் என்றால் அங்கே நான் டியூஷன் எடுக்கிறேன், அடுப்படிக்கு வருவார், அங்கே நான் ஒருத்தி திரும்புவதே பெரும் பாடு. இதில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே எல்லோருக்கும் இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்து நீ போனில் அவரிடம், கதவைச் சாத்தினா சாத்தினதுதான் தாத்தா, நானாத் திறந்தாத்தான் உண்டு என்று அங்கே நீ தங்கியிருக்கும் அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மறுநாளே சவரம் செய்துகொண்டு வாடகைக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார். உன் மாமாவுக்கு முகம் செத்துவிட்டது, நான் வேணா எங்கயாவது போய்க்கிறேன் என்றான். அதற்குத் தாத்தா, நீ இப்பத்தானப்பா வந்திருக்கே, இரு, நான் வந்து ரொம்ப நாளாச்சு என்றார். உன் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, பெரியவங்க முடிவு பண்ணினா நாம என்ன சொல்றது என்றார். எப்போதும் சொல்வதுதான்.

எனக்குத்தான் சம்மதமில்லை. ராத்திரி தலைசுற்றி விழுந்தால் யார் பார்ப்பார்கள், மருமகள் துரத்திவிட்டாள் என்று உன் அத்தைமார் சொல்ல மாட்டார்களா. நல்லவேளையாக எங்கேயும் இடம் கிடைக்கவில்லை, பேச்சிலருக்குக் கொடுக்கிறதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என்னைப் பேச்சிலர்னு சொல்றாங்கம்மா என்று என்னிடம் வந்து சொன்னார், வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

கடைசியில் பின்தெருப் பல் டாக்டரம்மா, மாடி அறையைக் கொடுக்கும் முன்பு விசாரிக்க வேண்டும் என்று என்னைப் போனில் கூப்பிட்டார். லேட்டா வருவாரா, ஃப்ரெண்ட்ஸ் கூட்டம் சேருமா, சத்தமா ஏதாவது வைப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விடியும் முன்பே ரேடியோவை அலறவிடுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் யாரோ ஒருத்தி நம் வீட்டுப் பெரியவரைக் குறுக்குக் கேள்வி கேட்கிறாள், அவளிடம் போய் விட்டுக்கொடுப்பதா. இந்த மாதிரி ஒழுக்கமான மனுஷர் உங்களுக்குத் தேடினாலும் கிடைக்க மாட்டார் மேடம் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே சாவி கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சிபாரிசு பண்ற மாதிரி பேசியிருக்கியே என்றார் உன் அப்பா. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை தாத்தா அறையைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், பாத்ரூம் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தேன், தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பார்த்தேன், ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு நாற்காலியும் ஜன்னலும்தான் அறை. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றேன், கூப்பிட்டா வரேன் என்றார், விருந்தாளி மாதிரி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நீ எப்பவாவது தனியா இருந்திருக்கியாம்மா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன் பாப்பா. அக்கா தங்கைகளோடு ஒரே பாயில் படுத்து, அங்கிருந்து இந்த வீட்டுக்கு வந்து, உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு கடைசி வருடப் பரீட்சை எழுதியவள் நான், பரீட்சை ஹாலில்கூடத் தனியாக இல்லை. இல்லை என்றேன். அவர் இன்னொரு சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, நான் வெளிய போற நாள்ல வந்து இருந்துட்டுப் போ, ஆனா போன் பண்ணிட்டு வா என்றார்.

நேற்றுத்தான் குடிபோனார், உன் மாமா கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான். இனி உன் அத்தைமார் யாராவது உன்னைக் கூப்பிட்டுத் துருவினால், தாத்தாவே ஆசைப்பட்டுப் போனார் என்று சொல், அதற்கு மேல் பேசாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் அலையாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வியாழக்கிழமை தாத்தா கண் டாக்டரிடம் போகிறார், வர மதியம் ஆகும். அன்று காலையில் என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

உன் அன்புள்ள,
அம்மா