அடித்தால் வருவார்கள்

சுங்கைப்பட்டாணி
11 ஏப்ரல் 1943

இன்றும் விடிந்ததும் இருளப்பன் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தான். ரப்பர்த் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட, ஆள் கூட்டுவது போலத்தான். தெரு முழுக்க மண்வெட்டியோடு ஓடியது. பின்சந்தில் கொசுத் தண்ணீர் வடியச் சாக்கடை வெட்டுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், சுகாதார ஆபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தபோது, இதே சாக்கடைக்காக நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவனும் வாசலுக்கு வரவில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய இவன் கூப்பிட்டால் வருகிறார்கள்.

மேட்டிலிருந்து வெட்டுகிறான், மடையன். தண்ணீர் வெளியேறும் பள்ளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் ஏன் சொல்ல வேண்டும்? அவன் என்னிடம் வந்து கேட்டானா?

14 ஏப்ரல்

என் மனைவி சீதாலட்சுமி, சாக்கடை வெட்டுகிறவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். "காய்ச்சல்ல புள்ளைங்க சாவுது. நீங்கதான் போகல, நானாச்சும் போறேன்" என்கிறாள். என் வீட்டுக் கிழங்கு!

17 ஏப்ரல்

குழந்தைவேலு கடையில் கூட்டம். இருளப்பன் என்னைப் பார்த்து, "கிராணியாரே, நீங்களும் வாங்கலா! மம்முட்டி வேணாம், பேனாவாலயே ரெண்டு குத்து குத்துங்க" என்றான். கடையே சிரித்தது. அவன் பெண்டாட்டி மருதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பொத்திச் சிரித்தது எனக்கு இன்னும் எரிகிறது.

20 ஏப்ரல்

இப்போது எனக்கு ஜப்பான்காரர் ஆபீஸில் மொழிபெயர்ப்பு வேலை. அரிசி தருகிறார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். லாரியைக் கண்டாலே ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள், எப்படிப் பிடிப்பது என்றார் அதிகாரி.

பிடிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு இரும்பு தொங்குகிறது, அடித்தால் வருவார்கள் என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

22 ஏப்ரல்

ஜப்பான் சிப்பாய் ஒருவன் தண்டவாளத்தை அடித்தான். வந்தார்கள், மண்வெட்டியோடு. முதல் ஆள் இருளப்பன். லாரியில் ஏற்றிய பிறகும் அவனுக்குப் புரியவில்லை. அதிகாரியின் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "கிராணியாரே, அவங்க பாஷையில சொல்லுங்க. சாக்கடை பாதியில நிக்குது, ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றான்.

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார்.

வரச் சம்மதம் என்கிறான் என்றேன்.

30 மே

மழை. மேட்டுத் தண்ணீர் எல்லாம் வெட்டிய வழியே இறங்கி, வேலை நின்ற இடத்தில் தேங்குகிறது. நின்ற இடம் என் வீட்டுப் பின்வாசல்.

19 ஜூன்

சீதாவுக்குக் குளிர்காய்ச்சல். கொயினா மாத்திரை எங்கும் இல்லை. அதிகாரியிடம் கேட்டேன். சிப்பாய்களுக்கே போதவில்லை என்றார்.

24 ஜூன்

விடியும்போது போய்விட்டாள்.

பாடை தூக்க நாலு பேர் வேண்டும். இறங்கிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன். கதவுகளைச் சாத்தினார்கள். மிச்சமிருந்த ஆண்கள் பின்பக்கமாக ரப்பர்க் காட்டுக்கு ஓடினார்கள். டேய், சாவுக்குடா, என் வீட்டுச் சாவுக்குத்தான்டா அடிக்கிறேன் — கத்தினேன். எவன் நின்றான்? திரும்பக்கூட இல்லை. நன்றிகெட்ட தெரு.

25 ஜூன்

நேற்று மருதம்மாளும் வேறு மூன்று பெண்களும் வந்து தூக்கினார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் இல்லையே என்றேன். மருதம்மாள் தோளில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே, "கெழங்கு குடுத்த மகராசி. அதுக்குத்தான் வந்தோம். நீங்க முன்னால நடங்க" என்றாள்.

இன்று பின்வாசல் தண்ணீரில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். போய்ப் பார்த்தேன். தெருவுக்கு வந்தால், வேப்பமரத்தில் தண்டவாளத்தைக் காணோம், சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.